மார்கழி இருட்டில் முதல் ஷிஃப்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட்டில் காலை 6 மணி ஷிஃப்டுக்குப் போகத் தொடங்கி எனக்கு 22 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் டீக்கடையிலும் உடை மாற்றும் அறையிலும் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. சில கேள்விகளை வீட்டுப் பெண்களும் கேட்டார்கள். கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றாமல் கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலை அதனதன் கீழே தந்திருக்கிறேன்.

"அண்ணா, ஷிஃப்ட் ஆறு மணிக்குத்தானே? நாலு மணிக்கே எதுக்கு எழுந்திரிக்கணும்?"

ஆறு மணியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஆறு மணிக்கு வேலையைக் கையில் வாங்க வேண்டுமானால், 5.45-க்காவது வாசலில் கார்டைக் காட்டி, உடையும் காலணியும் மாற்றி, இரவு ஷிஃப்ட்காரர் சொல்லிவிட்டுப் போவதை நின்று கேட்க வேண்டும். வண்டிப்பாளையத்திலிருந்து முதுநகர் வழியாகச் செல்ல எனக்கு மற்ற மாதங்களில் 20 நிமிடம் போதும். மார்கழிப் பனியில் 30 நிமிடம் ஆகும். வழியில் ஒரு டீ. ஆகவே 5.05-க்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். பல் துலக்கி, குளித்து, உடுத்திக் கிளம்ப முக்கால் மணி நேரம் வைத்தால் 4.20 ஆகிறது. மீதி 20 நிமிடம் எதற்கு என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. கண் திறந்தவுடன் மூளை முழுதாக விழித்துவிடுவதில்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவருக்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், கவனமும் கைவேகமும் மந்தமாகவே இருக்கும். அந்த அரை மணியை வீட்டுக்குள் கழித்துவிட வேண்டும். 4.50-க்கு எழுந்து 5.05-க்கு வண்டியை எடுக்கிறவர் அதைச் சாலையில்தான் கழிக்கிறார்.

"நம்ம ஊர்ல என்ன பெரிய குளிர்? இதுக்குப் போய் ஸ்வெட்டரா?"

டிசம்பர், ஜனவரி மாதங்களில் கடலூரில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை பெரும்பாலும் 20 முதல் 22 டிகிரி வரை இருக்கும். சில நாட்களில் இன்னும் சற்று இறங்கும். ஊட்டியில் இருப்பவர்கள் இதைக் குளிர் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் 37, 38 டிகிரியைத் தாங்கிப் பழகிய உடல் நம்முடையது. காற்றில் ஈரம் மிகுதி. வண்டியின் இருக்கை விடியற்காலையில் பனியில் நனைந்து சொட்டும். அதன்மேல் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று. அதோடு, தரை இரவு முழுவதும் வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், ஒரு நாளின் மிகக் குளிர்ந்த நேரம் சூரிய உதயத்தை ஒட்டியே வரும். முதல் ஷிஃப்ட்காரர் வண்டி ஓட்டுவது சரியாக அந்த நேரத்தை நெருங்கித்தான்.

கம்பளி ஸ்வெட்டர் தேவையில்லை. எதிர்க்காற்று அதனுள் எளிதாகப் புகுந்துவிடும். காற்றை நிறுத்துகிற மேலுறைதான் வேண்டும், மழைக்கோட்டே போதுமானது. நான் சேர்ந்த ஆண்டில் எங்களோடு வந்த மூத்தவர் ஒருவர், முந்தின நாள் செய்தித்தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் மார்போடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். வாசலில் இறங்கியதும் அதை எடுத்துப் பிரித்து, சைக்கிள் இருக்கையின் ஈரத்தைத் துடைத்து, மடித்துப் பைக்குள் வைப்பார். அவர் ஓய்வு பெறும்வரை அந்த வழக்கத்தை விடவில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படியே செய்தேன்.

"பொங்கல் வந்தா சீக்கிரம் விடியும்னு சொல்றாங்க. தை மாசத்துலயும் ஏன் இப்படி இருட்டா இருக்கு?"

உங்கள் கண் பார்ப்பது சரிதான். ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-இல் வருகிறது. கடலூரில் அன்று பகலின் நீளம் ஏறக்குறைய 11 மணி 26 நிமிடம். ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது அன்றைக்கு அல்ல. டிசம்பர் 21-இல் ஏறக்குறைய 6.26-க்கு உதிக்கும் சூரியன், பொங்கலன்று 6.35-க்கும், ஜனவரி கடைசி வாரத்தில் 6.36-க்கும் உதிக்கிறது. அதன் பிறகுதான் உதயம் மெல்ல முன்னால் வரத் தொடங்கி, மே மாதக் கடைசியில் 5.45-ஐ ஒட்டி வந்து நிற்கும்.

காரணம் இதுதான். பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது. அது சூரியனைச் சுற்றும் பாதையும் நீள்வட்டம். இவ்விரண்டும் சேர்ந்து, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை நம் கடிகாரத்தில் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னுமாகத் தள்ளுகின்றன. கடலூரில் உச்சிப்பொழுது டிசம்பர் 21-இல் 12.09-க்கு வருகிறது, ஜனவரி கடைசியில் 12.23-க்கு மேல் போய்விடுகிறது. அந்த ஒரு மாதத்தில் பகல் நீள்வது மொத்தமே ஏழெட்டு நிமிடம். ஆகவே பகல் நீண்டும் காலை பின்வாங்குகிறது. கிடைத்த வெளிச்சமெல்லாம் மாலைப் பக்கம் சேர்கிறது. நவம்பர் மூன்றாம் வாரத்தில் 5.43-க்கு மறைந்த சூரியன் ஜனவரி கடைசியில் ஆறு மணி தாண்டித்தான் மறையும். பகல் 2 மணிக்கு ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு அந்த மாலை வெளிச்சம் சொந்தம். தை பிறந்தும் விடியவில்லையே என்று சோர்கிற பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம்: மாசி பிறக்கும் வரை பொறுங்கள்.

"அஞ்சு அலாரம் வெச்சும் எழுந்திரிக்க முடியல. நான் சோம்பேறியா?"

இல்லை. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 4.20-க்கு எழுகிறவர் 9.20-க்குத் தூங்கியிருக்க வேண்டும் என்று பொருள். பதினொன்றரை வரை கைபேசியைப் பார்த்துவிட்டு நான்கரைக்கு எழ முடியவில்லை என்றால், உடல் தனக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்கிறது, அவ்வளவுதான். இரவில் கண்ணுக்கு நேராக விழும் வெளிச்சமும் தூக்கம் வரும் நேரத்தைத் தள்ளிப்போடும்.

ஐந்து அலாரம் வைப்பது தீமையே செய்கிறது. முதல் அலாரத்துக்கும் ஐந்தாவதற்கும் இடைப்பட்ட 40 நிமிடமும் துண்டு துண்டான தூக்கம். அதில் உடலுக்கு ஓய்வும் இல்லை, விழிப்பும் இல்லை. ஒரே அலாரம் வைத்து, கைபேசியைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில், முடிந்தால் குளியலறைப் பக்கம் வையுங்கள். எழுந்ததும் விளக்கைப் போட்டுவிடுங்கள். மறுநாள் சட்டை, சாக்ஸ், கார்டு, வண்டிச் சாவி ஆகியவை இரவே ஓரிடத்தில் இருக்கட்டும். அரைத் தூக்கத்தில் சாவி தேடுகிறவரின் எரிச்சல் வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிடும்.

"பச்சத்தண்ணில குளிச்சாதான் சுறுசுறுப்பு வருமா?"

குளிர்ந்த நீர் உடனே விழிக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் மூச்சிரைப்போ இதய நோயோ உள்ளவர்கள் வெந்நீர் கலந்தே குளிக்க வேண்டும். மாடித் தொட்டியில் இரவு முழுவதும் கிடந்த தண்ணீர்தான் சில்லென்று இருக்கும். மோட்டாரைப் போட்டு போர்த் தண்ணீரை நேராகப் பிடித்தால் அது வெதுவெதுப்பாகவே வரும், ஏனெனில் நிலத்தடி நீரின் வெப்பம் பருவத்துக்கு ஏற்ப அவ்வளவு மாறுவதில்லை.

"டீ எத்தனை குடிக்கலாம்?"

காலையில் ஒன்று, பத்து மணி இடைவேளையில் ஒன்று. டீயிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் வரை ஆகும். உட்கொண்டதில் பாதி உடலை விட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். ஒன்பதரை மணிக்குத் தூங்க வேண்டியவர் மாலை நான்கு மணிக்கு மேல் டீயைத் தொடாமல் இருப்பது நல்லது.

"பனி மூடி இருக்கும்போது லைட்ட டிம்ல வெக்கணுமா, பிரைட்லயா?"

டிம்மில்தான் வைக்க வேண்டும். பிரைட்டில் போட்டால் வெளிச்சம் முன்னால் உள்ள பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். வெள்ளைத் திரை கட்டியது போலாகி, சாலை இன்னும் மறைந்துவிடும். கெடிலம், தென்பெண்ணை ஆற்றுப் பாலங்களிலும், சம்பா நெல் நிற்கும் வயல் ஓரங்களிலும் பனி கூடுதலாகத் தேங்கும். ஹெல்மெட் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் மூச்சுக்காற்றால் மங்காது. போகியன்று விடியற்காலையில் புகையும் பனியும் கலந்து பத்தடி தூரம்கூடத் தெரியாமல் போவதுண்டு. அன்று கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

நான் மிகவும் அஞ்சுவது கரும்பு டிராக்டர்களை. ஆலை அரவைக் காலம் இதே மாதங்களில் வருவதால், இரவெல்லாம் கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் நெல்லிக்குப்பம் பக்கம் போய்க்கொண்டும் வழியில் ஒதுங்கி நின்றுகொண்டும் இருக்கும். பலவற்றில் பின்விளக்கு இராது. தோகை விளக்கையும் சிவப்புப் பட்டையையும் மூடித் தொங்கும். எங்கள் ஷிஃப்டில் ஒருவர், காய்ச்சலோடு, மூன்று மணி நேரத் தூக்கத்தோடு, லீவு போட மனமில்லாமல் கிளம்பி வந்தவர், நின்றிருந்த அப்படியொரு டிரெய்லரின் பின்னால் மோதினார். உயிர் பிழைத்தார், ஆனால் வலது கை மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாக மடங்காது. இதைப் பற்றிப் பின்னால் வரும் ஒரு கேள்வியில் மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

"மார்கழி பீடை மாசம்னு பாட்டி சொல்றாங்க. இப்ப வேலைல சேரலாமா?"

சேரலாம். நான் சேர்ந்ததே ஒரு மார்கழியில்தான். இது பெருமை உடைய மாதம், "பீடு" என்ற சொல்லே "பீடை" என்று திரிந்தது என விளக்குவோரும் உண்டு. பாட்டியிடம் வாதாட வேண்டாம். அவர் கையால் திருநீறு பூசிக்கொண்டு போய்ச் சேருங்கள்.

"எத்தனை நாள்ல பழகும்? எங்களுக்கு வாரா வாரம் ஷிஃப்ட் மாறுதே!"

ஒரே ஷிஃப்ட் நிலையாக இருந்தால் இரண்டு வாரத்தில் உடல் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை ஒரு மணிக்கு மேல் தள்ளாமல் இருக்க வேண்டும். உதயமானதும் பத்து நிமிடமாவது திறந்த வெளியில் நிற்பது உடலின் உள்கடிகாரத்தை முன்னால் இழுத்து வைக்கும். ஏழு மணி வாக்கில் இடைவேளை கிடைத்தால் கூரைக்கு வெளியே வந்து நில்லுங்கள்.

வாரந்தோறும் மாறுகிறவருக்கு முழுப் பழக்கம் என்பது வருவதே இல்லை, அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழகுவதற்குள் மாற்றிவிடுகிறார்கள். காலை, பிற்பகல், இரவு என்ற வரிசையில் மாறுவது, தலைகீழ் வரிசையில் மாறுவதை விட உடலுக்கு எளிது. ஏனெனில் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது அதை முன்னுக்கு இழுப்பதை விடச் சுலபம். உங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளத் தக்க விஷயம் இது. நாங்கள் கேட்டோம், அடுத்த மாத அட்டவணையிலேயே மாற்றினார்கள்.

"மத்தியானம் வந்து படுத்தா அஞ்சு மணி ஆயிடுது. அப்புறம் ராத்திரி தூக்கம் வரல."

பகல் தூக்கம் 20, 30 நிமிடத்தோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் முதல் பதிலில் சொன்ன மந்தம் பகலிலும் பிடித்துக்கொள்ளும்; இரவுத் தூக்கமும் அந்த அளவுக்குக் குறையும். சாய்வு நாற்காலியில் சாய்ந்து தூங்குங்கள், கட்டிலில் வேண்டாம்.

"புயல், மழைன்னாலும் போய்த்தான் ஆகணுமா?"

நம் கரையில் பனிக்காலத்துக்கும் புயல் காலத்துக்கும் நடுவே வேலி கிடையாது. 2004-இல் கடல் உள்ளே வந்தது டிசம்பர் 26, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, இரண்டும் மார்கழியில். தானே அன்று எனக்கு முதல் ஷிஃப்ட். நான்கரை மணிக்குக் கதவைத் திறக்க முயன்றேன். காற்று கதவை வெளியிலிருந்து பிடித்துத் தள்ளியது. போகவில்லை. விடிந்து பார்த்தபோது, நான் வழக்கமாகப் போகும் பாதையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரங்களும் மின்கம்பங்களும் குறுக்கே கிடந்தன.

ஃபெஞ்சல் இன்னொன்றையும் கற்றுத் தந்தது. 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆனால் தென்பெண்ணையில் பெருவெள்ளம் அதற்குப் பிறகே வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. மழை விட்டதால் பாதை சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணை முந்தின இரவே கேட்டுக்கொள்ளுங்கள். அது 8, 9, 10 என்று இருந்தால் மிகப் பெரிய அபாயம் என்று பொருள். அன்று ஷிஃப்டைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

"ஒரு நாள்கூட லீவு போடாம போறதுதானே விடாமுயற்சி?"

நானும் பல ஆண்டுகள் அப்படி எண்ணினேன். டிரெய்லரில் மோதிய நண்பரும் அப்படித்தான் எண்ணினார். அந்த ஆண்டு அதுவரை ஒரு நாள்கூட அவர் லீவு எடுத்திருக்கவில்லை. அந்தக் கணக்கைக் காப்பாற்றப் புறப்பட்டவர், நான்கு மாதம் வீட்டில் இருக்க நேர்ந்தது. விடாமுயற்சியை அடுத்த நாளும், அடுத்த மாதமும், பத்தாண்டு கழித்தும் போக முடிகிறதா என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். காய்ச்சலன்று ஒரு நாள் படுத்துக் கிடப்பது அந்தப் பத்தாண்டுக்குள் அடங்கியதே.

"இத்தனை வருஷம் போயும் ஒண்ணும் மாறல. அப்படித் தோணுற அன்னிக்கு எப்படி எழுந்திரிக்கிறது?"

இதைக் கேட்டவர் எனக்கு இளையவர் அல்ல, என் வயதுக்காரர். விடியற்காலை நான்கு, ஐந்து மணியளவில் உடலின் வெப்பம் நாளின் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கிறது. அந்த நேரத்தில் எந்தச் சுமையும் அதன் எடையை விடக் கனமாகவே தோன்றும். ஆகவே வேலையை விடுவதா, தொடர்வதா என்ற முடிவை அப்போது எடுக்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு அதே கேள்வியை மீண்டும் கேளுங்கள். மாலையிலும், பல நாட்களாக, அதே பதிலே வருமானால் அது சோம்பலோ மனவலிமைக் குறைவோ இல்லை; யாரிடமாவது பேச வேண்டிய நிலை. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

என்னைத் தாங்கியது எதுவென்று கேட்டால் முதுநகரில் நான் நிற்கும் டீக்கடையைச் சொல்வேன். கடைக்காரர் மூன்றரைக்கு வந்து பாய்லரைப் பற்றவைப்பார். அவருக்குப் பால் கொண்டு வருகிறவர் அதற்கும் முன்னால் எழுந்து கறந்திருப்பார். 5.15-க்கு நான் போய் நிற்கும்போது, துறைமுகத்துக்குப் போகிற பெண்கள் நான்கைந்து பேர் அலுமினியக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்திருப்பார்கள். தெருவிளக்கின் கீழ் ஒரு பையன் செய்தித்தாளுக்குள் இணைப்பைச் சொருகிக்கொண்டிருப்பான். துப்புரவுப் பணியாளர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு டம்ளரை இரு கையாலும் பிடித்துக் குளிர்காய்வார்கள். யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு மார்கழியில் ஒரு நாள் கடை பூட்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் டீ குடித்தவர்கள் நாங்கள், அவர் வீடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் மூன்று பேர் விசாரித்துக்கொண்டு போனோம். அவருடைய அம்மா தவறிவிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "காலைல எல்லாரும் என்ன பண்ணீங்க?" என்பதுதான். எழ முடியாது என்று தோன்றும் நாளில், எனக்கு முன்னால் எழுந்துவிட்டவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பேன். அதற்குள் கால் தரையில் ஊன்றிவிடும்.

"எல்லா பதிலும் வேலைக்குப் போறவருக்கே சொல்றீங்க. அவருக்குச் சோறு கட்டிக் குடுக்கிறவ எப்ப தூங்கறது?"

இதைக் கேட்டவர் எங்கள் ஷிஃப்ட்காரர் ஒருவரின் மனைவி. கேட்ட இடத்திலேயே என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனெனில் மற்ற எல்லோருக்கும் முன்னால் எழுந்தவரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குக் கடும் காய்ச்சல். அன்று விடியற்காலை மூன்றரைக்கு அவருடைய கைபேசியில் அலாரம் அடித்தது. எழுந்து அணைத்தது நான்தான். என் அலாரம் 4.20, அதற்கு 50 நிமிடம் முன்னால் ஒன்று தினமும் அடிக்கிறது என்பதை அத்தனை ஆண்டுகளில் நான் அறிந்ததே இல்லை. முதல் மணியிலேயே அவர் அதை அணைத்துவிடுவாராம், நான் விழித்துவிடக் கூடாதென்று. ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று எழுதினேனே, அந்தக் கணக்கு அவருக்கும் பொருந்தும். இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி முடித்து மூன்றரைக்கு எழுகிறவருக்கு மிஞ்சுவது ஐந்தே மணி நேரம்.

இப்போது எங்கள் வீட்டில் குழம்பும் பொரியலும் இரவே ஆகிவிடுகின்றன; பாத்திரத்தை நான் கழுவுகிறேன். சோறு மட்டும் காலையில் ஆகும், அதுவும் என் வேலை. முதல் பதிலில் மீதி வைத்த 20 நிமிடம் இதற்குத்தான்: என் அலாரம் இப்போது நான்கு மணிக்கு, அவருடையது ஐந்தரைக்கு. அரை மணி நேர மந்தம் அடுப்பருகே நின்றபடியே கழிந்துவிடுகிறது. முதலில் குக்கரில்தான் வைத்தேன். இரண்டாவது விசிலுக்கே அவர் விழித்துவிடுகிறார் என்று தெரிந்த பிறகு, பானையில் வடிக்கக் கற்றுக்கொண்டேன்.